ஒரு பக்கெட் மண்

என் மனைவி பியாட்ரிஸ் கொதிக்கிற கஞ்சித் தண்ணீரை மண்ணில் ஊற்ற மாட்டாள். முப்பத்தேழு வருடமாகப் பார்க்கிறேன். சோறு வடித்த சட்டியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவாள். பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் நிற்பாள். சாய்க்கப் போன கை அப்படியே நின்றுவிடும். சட்டியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆறின பிறகு வந்துதான் ஊற்றுவாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் கேட்டேன். "இன்னாத்துக்கு இந்தக் கூத்து? தண்ணி தானே, ஊத்திட்டு வா."

"நைனா வேணாம்ன்றாரு," என்றாள்.

நைனா என்றால் அவளுடைய அப்பா, என் மாமனார் இன்னாசிமுத்து. அந்த நேரம் அவர் முன்ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.

"அவரு ஒண்ணும் சொல்லலியே. அங்க பேப்பர்தான் படிக்கறாரு."

"வாயால சொன்னாதான் சொன்னதா? காதுல எல்லாம் கேக்காதுங்க. கைல தெரியும். செய்யக்கூடாதுன்னா கை நின்னுடும். நைனாவுக்கு அவரோட நைனா சொன்னது. இப்ப எனக்கு."

சரி, பெரிய இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்தேன் என்பதுகூடத் தப்பு. என்னைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கிற இந்த ஓட்டு வீடு அவளுடைய தாத்தா கட்டியது. நான் பொம்மசந்திராவில் ஒரு டூல் ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தவன். சொந்த ஊர் கே.ஜி.எஃப். வீட்டோட மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். மாமனாரோடு ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழே இருந்தேன். மொத்தம் பத்து வார்த்தை என்னிடம் பேசியிருப்பாரா என்பது சந்தேகம். கோபமெல்லாம் கிடையாது. பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பியாட்ரிஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்ச் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் யூகேஜி டீச்சர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவளிடம் ஆனா ஆவன்னா படித்தவர்கள். தமிழ், கன்னடம், தக்னி உருது என்று மூன்று பாஷையிலும் மூச்சு விடாமல் திட்டத் தெரியும். காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்தால் செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வாசல் மண்ணில் ஒரு சுற்று சுற்றுவாள். முட்டை ஓட்டை நொறுக்கி மரத்தடியில் போடுவாள். பக்கத்து வீட்டு ஷாஹிதா பீ சுடுதண்ணீர் கொட்டுவதற்கு முன்னால் பிஸ்மில்லா சொல்லுவார்கள். "பாத்தீங்களா, எல்லாருக்கும்தான் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு மட்டும்தான் யாரும் சொல்லல," என்று பியாட்ரிஸ் என்னைச் சீண்டுவாள்.

எனக்கு யார் சொல்லித்தருவார்கள்? எங்கள் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மண்ணைத் தோண்டி, அரைத்து, மேலே மலையாகக் கொட்டிய ஊர் அது. காற்றடித்தால் அந்தச் சயனைட் மேட்டுத் தூசி தட்டில் இருக்கிற சோற்றில் விழும். அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை வீடு துடைப்பாள். அதனால் மண் என்றாலே எனக்கு அழுக்குதான். எங்கள் ஃபேக்டரித் தரையில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். அதை அப்படி வைத்திருந்தவன் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

மாமனாரோ டெலிபோன் டிபார்ட்மெண்டில் கேபிள் குழி வெட்டுகிற கேங்குக்கு மேஸ்திரி. ஆயுசு பூரா மண்ணோடு புழங்கியவர். அவர் பேசிய பத்து வார்த்தையில் இரண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பைப் புதைக்கப் பள்ளம் தோண்டினார். மேலே இருந்த கறுப்பு மண்ணை ஒரு சாக்கின் மேல் தனியாகப் போட்டார். அடியில் வந்த சிவப்பு மண்ணை இன்னொரு பக்கம் குவித்தார். மூடும்போது நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கறுப்பு மண்ணில் மண்வெட்டியை வைத்தேன்.

"கலக்காதீங்க மாப்ள," என்றார்.

சிவப்பை முதலில் அடியில் தள்ளினார். மிதித்தார். கறுப்பைக் கடைசியில் மேலே போட்டார். அதை மிதிக்கவில்லை. ஏன் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் இறந்துபோனார். சாகிறதற்கு முன்னால் பியாட்ரிஸிடம் ஒன்று சொல்லியிருந்தார். தன் மேல் சிமெண்ட் போடக் கூடாது, வெறும் மண்ணாகவே விட வேண்டும். அவருடைய அப்பா சவரிமுத்து இருக்கிற அதே குழியைத் திறந்துதான் அவரையும் வைத்தோம். சுற்றிலும் எல்லாரும் கிரானைட், டைல்ஸ் என்று போட்டிருக்க, எங்களுடையது மட்டும் மண் மேடு. எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

மண் மேடு என்றால் முதல் மழைக்கே இறங்கிவிடும். அந்த நவம்பர் கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் பார்த்தால் ஓர் அடி பள்ளம். பியாட்ரிஸ் உடனே வீட்டுக்குத் திரும்பி வந்து, மரத்தடியில் இருந்து ஒரு பக்கெட் கறுப்பு மண் எடுத்து வந்து போட்டாள். அதோடு அது வழக்கமாகிவிட்டது. வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி எல்லாக் குடும்பமும் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் கொண்டு போகும். நாங்கள் அதோடு ஒரு பக்கெட் மண்ணும் கொண்டு போவோம். ஸ்கூட்டரில் என் காலுக்கு நடுவே அந்தப் பக்கெட். சிக்னலில் நிற்கும்போது ஆளாளுக்குப் பார்ப்பார்கள். இருபத்தெட்டு வருடம், இருபத்தெட்டுப் பக்கெட்.

இனிமேல் சொல்லப்போவது நான் செய்த அநியாயம்.

எங்கள் மகள் கேரலுக்கு இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஜனவரி கடைசியில் கல்யாணம். பத்திரிகையை மாதா காலடியில் வைத்துவிட்டு வருகிறேன் என்று பியாட்ரிஸ் அவள் தங்கை பிரிஜெட்டோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டாள். நான்கு நாள். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சேற்றை மிதித்துக்கொண்டா வீட்டுக்குள் வர வேண்டும்? முன்வாசல், பின்வாசல் முழுக்க சிமெண்ட் போட்டு மொழுமொழு என்று ஆக்கிவிடுவோம். பந்தல் போடலாம். மகன் ரயானுடைய காரை உள்ளே நிறுத்தலாம். அவள் திரும்பி வந்து பார்க்கும்போது அசந்துபோக வேண்டும்.

"மம்மிய ஒரு வார்த்த கேட்டீங்களா டாடி?" என்றான் ரயான்.

"கேட்டா அது எப்பிட்றா சர்ப்ரைஸ் ஆவும்?"

"மம்மிக்கு சர்ப்ரைஸ் புடிக்காது டாடி."

"நீ சும்மா இரு."

அத்திபெலேயில் இருந்து முனிராஜு மேஸ்திரியை வரவழைத்தேன். எங்கள் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர், நம்பிக்கையான ஆள். வேலை சுத்தமாக வர வேண்டும் என்று ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை வாரி டிராக்டரில் ஏற்றினார்கள். எங்கேயோ லேஅவுட்டில் பள்ளம் நிரப்பக் கொண்டு போனார்கள். மரத்தின் வேர் மேலே தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் வெட்டச் சொன்னேன். நான்தான் சொன்னேன். மரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு, மற்றதெல்லாம் கான்க்ரீட். நான்கு நாளும் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை பியாட்ரிஸ் ரயிலில் வந்து இறங்கினாள். கையில் மாதா கோவில் எண்ணெய் பாட்டில். கேட்டில் செருப்பைக் கழற்றி, காலை உள்ளே வைத்தாள். கால் அங்கேயே நின்றது.

"எப்படி?" என்றேன் நான், பல்லெல்லாம் தெரிய.

"மண்ணு எங்க?"

"சுத்தமா இருக்குல்ல?"

"மண்ணு எங்கங்க?"

"அது போயிடுச்சு. டிராக்டர்ல."

மூன்று பாஷையிலும் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாண வீடு என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் ஜோராக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து மெச்சினார்கள். "பாத்தியா, ஒரு ஆளு கால்ல சேறு இல்ல," என்று அவளிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினேன். நாலு தடவையும் "ஆமா" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில்தான் கவனித்தேன். கஞ்சித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆவி பறக்கப் பறக்க.

"இன்னா, உங்க நைனா இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லியா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இல்ல. நீங்க சிமெண்ட் போட்டதுல இருந்து ஒண்ணும் தெரியல. கை நிக்கறதே இல்ல."

நான் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கோடையை பெங்களூரில் யாரும் மறக்க மாட்டார்கள். போர்வெல் காய்ந்து, தெருத்தெருவாக டேங்கருக்கு நின்றோம். வாசல் கான்க்ரீட் அடுப்புக் கல்லாகக் கொதித்தது. மரத்தின் உச்சியில் இலை மஞ்சளாயிற்று. மேலிருந்து கீழாக உதிர ஆரம்பித்தது. ஆகஸ்டில் எப்போதும் பை பையாகக் காய் பறித்துத் தெருவுக்கே கொடுப்போம். அந்த வருடம் ஒன்றுகூட இல்லை. "ஆன்ட்டி, ஈ சல பட்டர்ஃப்ரூட் இல்வா?" என்று எதிர்வீட்டு மமதா இந்தத் தடவை காய் இல்லையா எனக் கன்னடத்தில் கேட்டபோது பியாட்ரிஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பது வருடம் குழந்தைகளோடு கத்திய பொம்பளை, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனாள்.

நான் யூரியா போட்டேன். அந்த ஒரு சாண் வட்டத்துக்குள் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டேன். நர்சரிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வேருக்கு மூச்சே இல்ல சார்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. "மரத்துக்கு வயசாயிடுச்சு," என்றேன்.

"எனக்கு அறுவத்திரெண்டு," என்றாள் பியாட்ரிஸ் உள்ளேயிருந்து. "எட்டு வயசுல சர்ச்சுல நான் புதுநன்மை வாங்கினப்ப நைனா வச்ச செடி. அதுக்கு அம்பத்திநாலுதான் ஆவுது."

அக்டோபரில் மழை வந்தது. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத வீடு இது. அந்த வாரம் மூன்று தடவை ஹாலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். போக இடம் இல்லாமல் வாசலில் இருந்து நேராக உள்ளே வந்தது. நான் பக்கெட்டும் துணியுமாக ஓடிக்கொண்டே கார்ப்பரேஷனைத் திட்டினேன், சாக்கடையைத் திட்டினேன், முனிராஜு வாட்டம் சரியாக வைக்கவில்லை என்று கத்தினேன். பியாட்ரிஸ் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரம் போச்சுனா நைனாவும் போயிடுவாரு," என்றாள். "அதுக்கப்புறம் நான் யாரக் கேப்பேன்?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மரம் சாவதைப் பற்றிக்கூட இல்லை. இவள் என்னிடம் கோபப்படாமலேயே மெல்ல மெல்ல வேறு ஆளாக மாறிக்கொண்டிருக்கிறாள், அதற்குக் காரணம் நான், அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை என்பதுதான் பயம். முனிராஜுவுக்கு ஃபோன் போட்டு அந்த மண் எங்கே போனது என்று கேட்டேன். "அதுக்கு மேல வீடே கட்டிட்டாங்க சார்," என்றார். கான்க்ரீட்டை உடைக்கலாம். உடைத்தால் அடியில் என்ன இருக்கும்? செத்த சிவப்பு மண். கறுப்பு மண்ணை எங்கே போய்க் கேட்பது?

கல்லறைத் திருநாள் வந்தது. இருபத்தொன்பதாவது பக்கெட்டுக்கு வீட்டில் ஒரு பிடி மண் இல்லை. கடைக்குப் போய், பூப்படம் போட்ட பிளாஸ்டிக் பையில் நர்சரி மண் வாங்கி வந்தேன். பியாட்ரிஸ் அந்தப் பையை ஒரு பார்வை பார்த்தாள். பூவையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு ரயானுடைய காரில் ஏறினாள்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். பியாட்ரிஸ் குனிந்து மாமனார் மேட்டில் இருந்த புல்லைப் பிடுங்கினாள். நான் பையைக் கிழித்துப் பக்கெட்டில் கொட்டினேன். இரண்டு கையாலும் தூக்கினேன். சாய்த்தேன்.

சாயவில்லை.

நான் இதை எந்தக் கதையும் கட்டாமல் சொல்கிறேன். குரல் எதுவும் கேட்கவில்லை. காற்று அடிக்கவில்லை. கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன், எனக்கு அந்தத் தொந்தரவு உண்டு. பக்கெட்டைக் கீழே வைத்து, கையை ஒரு சுற்றுச் சுற்றினேன். வலி இல்லை. மறுபடி தூக்கினேன். மறுபடி நின்றது. அறுபத்துநான்கு வயது ஆள், நூறு பேர் நடுவில், பக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்னாங்க?" என்றாள் பியாட்ரிஸ்.

"தெரியல. கை நின்னுடுச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வருடத்தில் அவள் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் ஜாய்சன் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், எங்களை வருடா வருடம் பார்க்கிறவர்.

"அங்கிள், அங்கிள், போட்றாதீங்க! உங்க மேடு ஏற்கெனவே ஜாஸ்தி. உள்ள எறங்கறது எல்லாம் எறங்கி வருஷமாச்சு. நீங்க போட்டுகினே இருக்கீங்க. இந்த மழைக்கு வழிஞ்சு பாதைக்கு வந்துடுச்சு. ஒரு சாண் எறக்கணும்னு கமிட்டில சொல்லிட்டாங்க. நாளைக்கு நானே வாரிக் கொட்டலாம்னு இருந்தேன்."

"எங்க கொட்டுவ?"

"பின் கேட்டாண்ட, குப்பையோட."

நான் மேட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். ஒரு பிடி அள்ளினேன். கறுப்பு. கையில் உதிர்ந்தது. ஒரு மண்புழு விரலிடுக்கில் நெளிந்தது. மண்ணுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக என்னவோ மின்னியது. எடுத்துப் பார்த்தேன். முட்டை ஓடு. பியாட்ரிஸ் நொறுக்கிப் போடுகிற முட்டை ஓடு.

"பீட்டி, இது நம்ம மண்ணு," என்றேன் பியாட்ரிஸிடம்.

அவளும் குனிந்து பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே. "அய்யோ, நைனா! பத்திரமா எடுத்து வச்சிருக்காரே!"

நான் பக்கெட்டில் இருந்த கடை மண்ணைப் பையிலேயே திரும்பக் கொட்டிவிட்டு, மேட்டின் மேல்மண்ணை அள்ளி நிரப்ப ஆரம்பித்தேன். ஜாய்சன் முகம் மாறிவிட்டது.

"இன்னா அங்கிள் பண்றீங்க? கல்லற மண்ண யாராச்சும் வூட்டுக்கு எடுத்துனு போவாங்களா?"

"கல்லற மண்ணு இல்லப்பா இது. எங்க வூட்டு மண்ணு. இருவத்தெட்டு வருஷமா நான்தான் கொண்டாந்து இங்க வச்சேன்."

"மேல மேல மட்டும் எடுங்க," என்றாள் பியாட்ரிஸ். "அடில கை வைக்காதீங்க. அது அவரோடது."

அதற்குள் ஃபாதர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். கல்லறைக்கும் தெளித்து, எங்களுக்கும் தெளித்து, என்ன ஏது என்று கேட்காமல் பக்கெட்டுக்கும் சேர்த்துத் தெளித்துவிட்டுப் போனார். ஜாய்சன் இரண்டு சாக்கு கொண்டு வந்து கொடுத்தார். புது காரின் டிக்கியில் மண் மூட்டையை ஏற்றியபோது ரயான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் மம்மி சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவனும் வாயை மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை முனிராஜு உடைக்கிற மெஷினோடு வந்தார். "போடும்போது நின்னு போடச் சொன்னீங்க. இப்ப நின்னு ஒடைக்கச் சொல்றீங்க. நல்ல ஆளு சார் நீங்க," என்றார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். மரத்தில் இருந்து தொடங்கி வெளியே வெளியே உடைத்துப் போனோம். அடியில் நான் பயந்தபடியே இறுகிப்போன சிவப்பு மண். மோந்து பார்த்தால் வாசனையே இல்லை. அதைக் கடப்பாரையால் குத்தி இளக்கினேன், வேர் படாமல், ஒரு வாரம். இலை உரம் வாங்கிப் பரப்பினேன். எல்லாம் முடிந்த பிறகு மூட்டைகளை அவிழ்த்தேன். மண்வெட்டியால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாமனார் சொன்ன அந்த இரண்டு வார்த்தை நினைவுக்கு வந்தது. கலக்கவில்லை. கறுப்பு மண்ணைக் கடைசியாக, மரத்தடியில் மேலே தூவினேன். மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. நவம்பர் கடைசியில் ஒரு புயல் மழை வந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. முழுவதையும் வாசல் குடித்துவிட்டது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஆனால் மரம் மட்டும் அசையவில்லை. கிறிஸ்துமஸுக்கு இருந்த கொஞ்சம் இலையும் கொட்டியது. ஜனவரியில் உச்சிக் கிளைகள் சுள்ளியாகி ஒடிந்தன. பியாட்ரிஸ் ஒவ்வொரு காலையும் வெறுங்காலோடு மரத்தைச் சுற்றி வந்தாள். "ஏதாச்சும் தெரியுதா?" என்று நான் கேட்பதும், அவள் உதட்டைப் பிதுக்குவதுமாக நாள் போனது. சிரித்ததெல்லாம் வீண்தானோ என்று எனக்குள் உதைப்பு.

பிப்ரவரி இரண்டாவது வாரம். நான் முகத்தில் சோப்பு நுரையோடு ஷேவ் செய்துகொண்டிருந்தேன்.

"என்னாங்க! ஏங்க! சீக்கிரம் வாங்க!"

ஒரு வருடமாகக் கேட்காத குரல் அது. யூகேஜி பிள்ளைகள் நடுங்குகிற குரல். நுரையோடு ஓடினேன். தண்டில், என் இடுப்பு உயரத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு செம்பு நிறத்தில் ஒரு துளிர். அதற்குப் பின்பக்கம் இன்னும் இரண்டு. மேலே பாதி மரம் போய்விட்டது, அதை வெட்டத்தான் வேண்டும். கீழ்ப்பாதி பிழைத்துவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். புது லுங்கி. அழுக்கானால் ஆகட்டும் என்றிருந்தது. பத்து மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. பியாட்ரிஸ் என்னைப் பார்த்து, "அறிவு கெட்ட மனுஷா, வேர நறுக்கச் சொன்னீங்களே, வேர!" என்று ஆரம்பித்து, கன்னடத்துக்குப் போய், தக்னியில் முடித்தாள். மதில் பக்கம் ஷாஹிதா பீ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வருடம் தாமதமாக வந்த திட்டு. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

போன மாதம் அவளுக்கு முட்டி வலி. இரண்டு நாளாக நான்தான் சமையல். அன்றைக்குச் சோறு வடித்துவிட்டு, சட்டியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். இப்போது துளிரெல்லாம் கிளையாகி, கையகல இலை விட்டிருக்கிறது. சாய்க்கப் போன இடத்தில் அப்படியே நின்றேன்.

"சட்டிய புடிச்சினு இன்னா வேடிக்க?" என்று ஜன்னலில் இருந்து பியாட்ரிஸ் கேட்டாள்.

"சூடா இருக்கு."

"அதுக்கு?"

"உங்க நைனா வேணாம்ன்றாரு."

கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். "உங்களுக்கா? சொன்னாரா?"

"சொன்னாராவா? மாப்ளைன்னுகூடப் பாக்காம திட்றாரு மனுஷன்."

அவள் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து பத்து வார்த்தை பேசாதவர். கஞ்சி ஆறும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அப்புறம் நான்தான் எழுந்து ஊற்றினேன்.